அஞ்சு டாலர் பங்குதாரர்

ஜனவரி கடைசி வாரம். மன்னார்குடியில் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் அமெரிக்கப் பணக் கணக்கின் ஆப்பைத் திறந்தால், நான் இருக்கும் இடத்திலிருந்து இந்தச் சேவை கிடையாது என்கிறது. லேப்டாப்பில் முயன்றேன். அது கொஞ்சம் தாராளம். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, என் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணின் சிம்மோ, உள்ளூர் சிம் போடுவதற்காகக் கழற்றப்பட்டு, காலி மாத்திரை அட்டை ஒன்றுக்குள் அம்மாவின் பீரோவில் தூங்குகிறது. தேடி எடுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு வைஃபையைக் கடன் வாங்கி, வைஃபை காலிங் போட்டு, குறியீடு வந்து சேர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டது. மூன்றாவது முறை கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

அவசரம் என்னவென்றால், மாசசூசெட்ஸில் எங்கள் டவுனுக்கு வீட்டு வரியின் மூன்றாவது தவணையை பிப்ரவரி 1-க்குள் கட்டியாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 14 சதவீதக் கணக்கில் வட்டி. கிளம்பும் முன்பே கட்டியிருக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்கத்தான் செய்வார்.

எங்கள் கணக்கு இருப்பது வங்கியில் இல்லை, பணம் போடுகிற உறுப்பினர்களே முதலாளிகளான ஒரு சின்ன கிரெடிட் யூனியனில். 2011-ல் அவர் கம்பெனி வழியாகச் சேர்ந்தோம். ஐந்து டாலர் கட்டி ஒரு பங்கு வாங்கினால்தான் உள்ளேயே விடுவார்கள். அந்த ஐந்து டாலரை எடுக்க முடியாது, எடுத்தால் உறுப்பினர் இல்லை. சேமிப்புக் கணக்குக்கு அங்கே 'ஷேர் அக்கவுன்ட்' என்று பெயர், வட்டிக்கு 'டிவிடெண்ட்'. வரிக் கணக்குப் போடும்போது மட்டும் அது வங்கி வட்டி வருகிற அதே படிவத்தில் வட்டி என்றே வந்துவிடும், அதில் ஏமாற்ற முடியாது. பெரும்பாலான கிரெடிட் யூனியன்களைப் போல எங்களுடையதிலும் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை அரசாங்கக் காப்பீடு உண்டு. கார் கடன் வட்டியும் பெரிய வங்கி சொன்னதைவிடக் குறைவாக இருந்தது; நாங்கள் சேர்ந்ததே அதற்காகத்தான்.

ஆன்லைன் பக்கம் மட்டும் கொஞ்சம் நோஞ்சான். செக்கைப் போட்டோ எடுத்துப் போடலாம். ஆனால் பின்பக்கம் கையெழுத்துக்குக் கீழே 'மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்' என்று கையால் எழுதியிருக்க வேண்டும். அதை மறந்து மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறது, அதுவும் போட்ட மறுநாள்தான் சொல்வார்கள். 'பில் பே' இன்னும் வேடிக்கை. திரையில் பெயரையும் தொகையையும் தட்டி 'அனுப்பு' என்றால் பணம் மின்னலாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவருக்கு மின்வழி வசதி இல்லையென்றால், எங்கோ ஒரு மெஷின் காகித செக் அச்சடித்து, கவரில் போட்டு, தபாலில் அனுப்புகிறது. எங்கள் டவுன் ஆபீஸ் அந்த ரகம். ஒரு வாரம் முன்னாலேயே தட்ட வேண்டும்.

ஆக, ஆப் திறந்திருந்தாலும் எனக்கு நேரம் இல்லை.

சாயங்காலம் ஏழரைக்கு, அங்கே காலை ஒன்பது, கிளை திறந்ததும் கூப்பிட்டேன். காத்திருப்பு இசைகூட இல்லை, மூன்றாவது தடவை மணி அடித்ததுமே ஓர் அம்மாள் எடுத்தார். கணக்கு எண், பிறந்த தேதி, கடைசியாகப் போட்ட செக் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "போன் ரகசியச் சொல் ஒன்று கொடுத்திருக்கிறீர்களே, அது என்ன?" என்றார். 2011-ல் கொடுத்தது! கண்ணை மூடி யோசித்து, சின்ன வயதில் எங்கள் வீட்டிலிருந்த பசுவின் பெயரைச் சொன்னேன். "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்." சொன்னேன். சரியாம். (இப்போது மாற்றிவிட்டேன், யாரும் எங்கள் பழைய பசுக்களைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.)

பூட்டைத் திறந்துவிட்டார். ஆனால் வெளிநாட்டுத் தடையை நீக்குவது அவர் கையில் இல்லை. "வரித்தொகையைச் சொல்லுங்கள், இங்கேயே செக் போடுகிறேன். டவுன் ஹால் எதிரில்தானே, மத்தியானம் சாப்பிடப் போகும்போது கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

ஸ்பீக்கரில் இதையெல்லாம் ஈசிசேரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "யாரு பாப்பா, உங்க சொசைட்டியா?" என்றார்.

அப்பா முப்பது வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளர். பயிர்க்கடன், நகைக்கடன், உரம், யூரியா எல்லாம் அந்த ஒற்றை ஓட்டுக் கட்டடத்தில். நடக்க முடியாத கிழவிகளுக்கு நகையை மீட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சள் பை தொங்க, வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீதில் கைநாட்டு வாங்கி வருவார். விதிப்படி தப்பு என்று அம்மா திட்டுவாள்.

கிரெடிட் யூனியன் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்கு ஒழுங்காகச் சொன்னேன். பதிலுக்கு அவர் ஒன்று சொன்னார், நான் நம்பாமல் தேடிப் பார்த்தேன், உண்மை. இந்தியாவில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மதராஸ் அரசாங்கத்துக்காக நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஐரோப்பாவின் சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். 1907-ல் ஊர் சுற்ற வந்த பாஸ்டன் ஜவுளிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன், வங்காளத்தில் இந்தக் கிராமச் சங்கங்களைப் பார்த்து அசந்துபோனார். 1909-ல் மாசசூசெட்ஸில் கிரெடிட் யூனியன் சட்டம் வந்ததற்குப் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். அதாவது என் ஆப்புக்கு ஒரு பாட்டன் நம்ம பக்கம்.

அப்பாவுக்கு அதெல்லாம் போதவில்லை. "பங்கு எவ்வளவு?" அஞ்சு டாலர். "பேரவைக் கூட்டம் போடுறாங்களா? ஓட்டு இருக்கா?" ஆளுக்கு ஒரு ஓட்டு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும். "நீ போட்டியா?" பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அந்த மின்னஞ்சல் எல்லாம் செருப்புத் தள்ளுபடி விளம்பரங்களோடு சேர்ந்து கிடக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்ல? ம், என்று முனகினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வந்து செய்த முதல் வேலை, கெடுவுக்குப் பத்து நாள் முன்னாலேயே வரி தானாகப் போகிற மாதிரி வைத்தது. அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும் முன் பயணத் தகவலையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சிம்மைக் கழற்றக் கூடாது.

மார்ச்சில் தேர்தல் மின்னஞ்சல் வந்தது. ஆப்பிலேயே ஓட்டுப் பக்கம். பயபக்தியோடு திறந்தேன். இயக்குநர் இடம் மூன்று, போட்டியிடுபவர்கள் மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆர்வமாகக் கேட்டார். "யாரு ஜெயிச்சா?"

"போட்டியே இல்லப்பா."

மறுமுனையில் இருமலும் சிரிப்புமாக வெகுநேரம். "அப்ப நம்ம சொசைட்டிதான்."