எட்டு வீடு, நாலு டிரம்

நாற்பது வீடு உள்ள குடியிருப்பில், 'இனி எல்லோரும் குப்பையைப் பிரித்துத்தான் தர வேண்டும்' என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. முதல் வாரம் பாதிப் பேர் பிரிப்பார்கள். அடுத்த வாரம் யாரோ ஒருவர் பச்சை வாளியில் டயபரைப் போடுவார். அதைப் பார்த்தவர், 'நான் மட்டும் எதற்கு?' என்று விட்டுவிடுவார். மூன்றாம் வாரம் தீர்மானம் நோட்டீஸ் போர்டில் மட்டும் இருக்கும். நாற்பது வீட்டில் போட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. எட்டு வீட்டில் கேட்காமலே தெரிந்துவிடும். சிறு குழு நிலைத்து நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். விழிப்புணர்வு அதற்குப் பிறகுதான்.

இந்த அளவு வெளிநாட்டிலும் சரிப்பட்டு வந்திருக்கிறது. இங்கிலாந்தின் டாட்னஸ் என்ற சிற்றூரில் 'ட்ரான்ஸிஷன் ஸ்ட்ரீட்ஸ்' என்ற பெயரில் ஆறு முதல் பத்து வீடுகள் அக்கம்பக்கத்தில் சேர்ந்துகொண்டு மின்சாரம், தண்ணீர், சாப்பாடு, குப்பை, போக்குவரத்து என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்கள். 2011இல் அதற்குப் பசுமை ஆற்றல் முயற்சிகளுக்குத் தரப்படும் ஆஷ்டன் விருது கிடைத்தது. நம் ஊர் அடுக்குமாடியில் முதலில் எடுக்க வேண்டியது சமையலறைக் கழிவு. எட்டு வீடு சேர்ந்து அதை டிரம்மில் போட்டு மக்கவைத்து உரமாக்கலாம். நம் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு அதுதான். பலன் இரண்டரை மாதத்தில் கையில் கிடைத்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் பில்லில் ஒரு எண் குறையும், அவ்வளவுதான். உரத்தை அள்ளிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டலாம்.

குப்பையை வகைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016லேயே சொல்லிவிட்டன. ஆகவே யாரிடமும் சலுகை கேட்பதாக நினைக்கத் தேவையில்லை. அசோசியேஷனிடம் கேட்க வேண்டியது 8 அடிக்கு 3 அடி இடம் மட்டும்.

டிரம் வாங்குவதற்கு முன் மூன்று வாரம் வெறுமனே பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டி ஓடி, பிறகு அவதிப்படுகின்றன. கொக்கி போட்ட தொங்கு தராசு ஒன்று போதும். தினமும் ஒவ்வொரு வீட்டு ஈரக் குப்பையையும் நிறுத்து எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் சராசரியாக 700 முதல் 900 கிராம் வரும். எட்டு வீட்டுக்கு 6 கிலோ சுமார். இந்த எண் தெரியாமல் டிரம் வாங்கினால் ஒன்று போதாமல் வழியும், இல்லையென்றால் பாதி காலியாகக் கிடக்கும். இன்னொன்றும் அந்த மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். பல வீடுகளில் குப்பையைக் கொட்டுவது வீட்டுக்காரர் இல்லை, சமைக்க வரும் அக்கா. அவரிடம் யாருமே எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழுவின் முதல் சந்திப்புக்கு அவரையும் கூப்பிடுவது, பத்து வாட்ஸப் செய்தி போடுவதைவிடப் பயன் தரும்.

இனி கணக்கு. 6 கிலோ கழிவு வாளியில் 13 லிட்டர் அளவு இருக்கும். அதே அளவு நொறுக்கிய சருகு சேர்த்தால் நாளுக்கு 26 லிட்டர். சூடேறி, நீர் வற்றி, அமுங்கிப் பத்து லிட்டருக்கு வந்துவிடும். ஆக 200 லிட்டர் டிரம் ஒன்று நிறைய 20 நாள். உள்ளே இருப்பது உரமாக இன்னும் 60 நாள். ஒன்று நிறைந்துகொண்டிருக்க மற்ற மூன்றும் முதிர்ந்துகொண்டிருக்கும். நாலாவது நிறையும்போது முதலாவது தயார். அதனால்தான் நாலு டிரம். மூன்று வாங்கி மிச்சம் பிடிக்கிறோம் என்று கிளம்பினால், அரைகுறையாக மக்கியதை வெளியே எடுக்க வேண்டிவரும். நாற்றம் என்ற புகார் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

டிரம் பழையதே போதும். ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழக் கூழ், ஊறுகாய், குளுக்கோஸ் பாகு வந்த டிரம் என்றால் சரி. ரசாயனம் வந்தது வேண்டாம். மூடி முழுதும் திறந்து, கிளாம்ப் வளையத்தால் இறுகுகிற ரகம்தான் தேவை. பக்கங்களில் அரையடி இடைவெளி விட்டு 10 மி.மீ. துளைகள், அடியில் ஐந்தாறு. நடுவில் மூன்றடி நீளத்துக்குப் பழைய 4 அங்குல பி.வி.சி. குழாயைத் துளை போட்டு நிறுத்துங்கள், காற்று உள்ளே போக அதுதான் வழி. எலியும் பெருச்சாளியும் துளையின் விளிம்பைக் கடித்துப் பெரிதாக்கும். அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு அரை அங்குல வெல்டட் மெஷ் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி, கசிகிற நீருக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். இடம் நிழலாக இருக்கட்டும். தண்ணீர் சம்ப்புக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் கூடவே கூடாது. முதல் மாடிக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழும் வேண்டாம். நாற்றமே இல்லாவிட்டாலும் அவருக்கு அடிக்கும்.

அடியில் அரையடிக்குச் சருகு அல்லது தேங்காய் நார். அதன் மேல் அன்றைய கழிவு, அதன் மேல் அதே அளவு சருகு, கடைசியில் கழிவு கண்ணில் படாதபடி இரண்டு அங்குலம் மூட வேண்டும். மூடினால் பழ ஈ வராது, மூடாவிட்டால் மறுநாளே வரும். நுண்ணுயிரிப் பொடி என்று கடையில் விற்பதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. முதல் டிரம்முக்கு ஒரு கிலோ சாணம் கரைத்தோ, புளித்த மோர் ஒரு டம்ளரோ தெளித்தால் போதும். அடுத்த டிரம்முக்கு முதல் டிரம்மிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுங்கள்.

எதைப் போடுவது என்பதில் நம் சமையலுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. மிஞ்சிய சாம்பார், ரசத்தை வடிகட்டித்தான் போட வேண்டும். கல்யாண விருந்து முடிந்து வரும் வாழையிலையை முழுசாகப் போட்டால் கிளறும் கம்பியில் சுற்றிக்கொள்ளும், கைநீளத்துக்கு நறுக்குங்கள். பலாச்சுளை உரித்த மட்டையும் அப்படியே. மீன் செதில், எலும்பு இரண்டும் எலியை அழைக்கும், குழு பழகும்வரை தள்ளி வையுங்கள். தேங்காய் ஓடு மக்க வருடக்கணக்காகும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம்.

சூடு ஏறுகிறதா என்று பார்க்க வெப்பமானி வேண்டாம். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் எல்லாம் நல்லபடி நடக்கிறது. ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். பிடியைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூத்திர வாடைபோல மூக்கைத் துளைத்தால் சருகு குறைச்சல். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை. சருகை மேலே கொட்டி மறைத்துப் பயனில்லை, தார்ப்பாயில் முழுதும் கவிழ்த்து உதறி மறுபடி நிரப்ப வேண்டும். நிறைந்த டிரம்மை எப்படியும் பதினைந்தாம் நாள் ஒருமுறை இப்படிக் கவிழ்த்துப் போடுவது நல்லது. இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேர வேலை.

வெள்ளைப் பூஞ்சணம் பூத்தால் பயம் வேண்டாம், அது மக்குவதன் அடையாளம். புழுதான் குழுவை உடைக்கும். சாம்பல் நிறத்தில், தட்டையாக, முக்கால் அங்குலம் இருந்தால் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். ஆனால் ஒரு காலை அது டிரம்மை விட்டு இறங்கி நடைபாதையில் ஊர்ந்து போனால், புழுவின் நன்மையைப் பற்றி நீங்கள் எடுக்கும் பாடத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஈரத்தைக் குறைத்து, அடித்தட்டில் உலர்ந்த சருகைப் பரப்பி வைத்தால் அவை அங்கேயே தங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடக் குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது சருகில். வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் காய்ந்த இலை எங்கும் கிடைக்காது. நாளுக்கு 13 லிட்டர் என்றால் மூன்று மாதத்துக்கு 1,200 லிட்டர், அதாவது 100 லிட்டர் கொள்ளும் சாக்கில் பன்னிரண்டு. வேம்பும் புங்கையும் உதிர்க்கும் மாசி, பங்குனியிலிருந்தே சேர்த்தால்தான் உண்டு. தெரு பெருக்கும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிவைத்தால் சந்தோஷமாகக் கொடுப்பார், அவருக்கும் சுமை குறையும். சாக்குகளைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கலாம். அங்கே மின்மீட்டர் பெட்டி இருந்தால் கூடாது. சருகு தீர்ந்தால் தென்னை நார்க்கழிவுக் கட்டி உதவும். ஆனால் அதை ஊறவைத்துப் போட்டால் ஈரம் இன்னும் ஏறும். மழைக்காலத்தில் கட்டியை உடைத்து உலர்வாகவே தூவுங்கள்.

டிரம்மைப் பார்த்துக்கொள்வதற்கு இரண்டிரண்டு வீடாக, வாரம் ஒரு ஜோடி என்று முறை வையுங்கள். ஆர்வமுள்ள ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யும் குழு, அவர் மே மாதம் சொந்த ஊருக்குப் போனதும் படுத்துவிடும். கோடை விடுமுறைக்கு யார் இருப்பார்கள் என்பதை ஏப்ரல் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். வாட்ஸப் குழுவில் மூன்றே விஷயம்: இன்றைய எடை, அடுத்த முறை யாருடையது, என்ன கோளாறு. காலை வணக்கம் நுழைந்த அன்றே எடை எழுதுவது நின்றுவிடும்.

எண்பதாவது நாள் முதல் டிரம்மைத் திறந்தால் சூடு ஆறி, மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். மணல் சலிக்கும் சல்லடையில் போட்டு, சலியாததை அடுத்த டிரம்முக்கே திருப்புங்கள். ஒரு கிண்ணத்தில் இந்த உரத்தைத் தோட்டமண்ணோடு சரிபாதி கலந்து இருபது வெந்தயம் ஊன்றிப் பாருங்கள். நாலு நாளில் பெரும்பாலானவை முளைத்தால் செடிக்குப் போடலாம். முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் ஆறட்டும். 30 கிலோ சுமார் தேறும், வீட்டுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக.

குழுவுக்கு வேகம் பிடிப்பது இந்த இடத்தில்தான். இதுவரை குப்பை வண்டிக்குப் போகாமல் நின்ற எடையை நோட்டீஸ் போர்டில் எழுதி, ஒரு பை உரத்தை வாட்ச்மேன் மேசையில் வைத்தால் மற்ற வீடுகள் தாமாகவே கேட்க வரும். அவர்களை உங்கள் நாலு டிரம்மிலேயே சேர்த்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். பன்னிரண்டு வீடானால் 20 நாள் கணக்கு உடையும், யார் போட்டார் என்பதும் தெரியாமல் போகும். புதியவர்கள் எட்டு வீடாகச் சேரட்டும், தங்களுக்கென்று நாலு டிரம் வாங்கட்டும். பழைய குழுவிலிருந்து ஒருவர் இரண்டு வாரம் மட்டும் கூட நின்றால் போதும்.

பழைய குழு இரண்டாவது வேலையை எடுக்கலாம். பால் கவர் நல்ல தொடக்கம். ஒரு வீட்டில் சேரும் கவரைக் காயலான் கடைக்காரர் மதிக்க மாட்டார். எட்டு வீட்டில் மாதம் ஒரு கிலோ தாண்டும். மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டியபடியே கீறித் திறந்து, கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். வெட்டிய அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க முடியாது, அது நேராகக் கால்வாய்க்குப் போகிறது.

மூன்றாவது, ஆகஸ்டில் மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகி, பல கட்டடங்களில் குழாயும் தொட்டியும் இருக்கின்றன. ஆனால் வடிகட்டியில் வண்டல் அடைத்து, மழைநீர் உள்ளே இறங்காமல் தெருவுக்குப் போகும். கூழாங்கல்லையும் கரியையும் வெளியே எடுத்து, கல்லை அலசி, கரியை மாற்றி, மணலைப் புதிதாக நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். 1,000 சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,000 லிட்டர் விழுகிறது. வழியில் போவதைக் கழித்தாலும் 7,000 லிட்டர் தொட்டிக்கு வரும். முதல் மழைத் தண்ணீர் மாடி அழுக்கோடு வருவதால் அதை மட்டும் வெளியே விட்டுவிட்டு, பிறகு வால்வைத் திருப்பிவிடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று எட்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மழை பெரும்பாலும் பிளம்பர் கிடைக்காத ராத்திரியில்தான் வரும்.