மேளம் கட்டக் கொடுத்த வீணையும் ஆபிரகாம் பண்டிதரும்

ஜூன் 4

தஞ்சாவூரில் வீணையைக் கொடுத்துவிட்டு வந்தேன். கத்திரி வெயிலில் மெழுகு இளகி, மேல் ஸ்தாயியில் நாலைந்து மெட்டுகள் (தந்தியை அழுத்தும் இடங்களில் மெழுகில் பதித்த உலோகக் கட்டைகள்) சாய்ந்துவிட்டன. ஆசாரி ஒரு மீட்டு மீட்டிப் பார்த்துவிட்டு, “முழு மேளமும் எடுத்துட்டுப் புதுசா கட்டணும் டீச்சர், பத்து நாள் ஆகும்” என்றார். மேளம் என்றால் மெழுகும் அதில் பதித்த மெட்டுகளும் மொத்தமாக. சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஆபிரகாம் பண்டிதர் சாலை வழியாக வந்தது. அவர் எழுதிய இசை ஆராய்ச்சி நூல் ‘கருணாமிர்த சாகரம்’ வாங்கி இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. 1,300 பக்கத்துக்கும் மேல். வீணை இல்லாத பத்து நாளில் பிரிக்காவிட்டால் இனி எப்போதும் பிரிக்கப் போவதில்லை.

ஜூன் 6

ஆளைப் பற்றி முதலில். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி, அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் சங்கீதம். அப்புறம் சித்த வைத்தியம், தஞ்சாவூர் வாசம். அவருடைய சஞ்சீவி மருந்துகள் நன்றாக விற்றன. அந்தப் பணம்தான் இசைக்குப் போனது. 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்று தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து, தன் செலவில் மாநாடு மாநாடாக நடத்தி, ‘ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, சுருதி என்னும் நுண்ணிய சுர அளவுகள் எத்தனை?’ என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சாப்பாடும் போட்டு வாதத்துக்கும் இழுத்தால் வித்வான்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

ஜூன் 7

இன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த கை, சும்மா இருக்காது.

என் வீணையில் மேருவிலிருந்து (மேல்முனையில் தந்தியைத் தாங்கும் கட்டை) குதிரை வரை (மறுமுனையில் தாங்கும் கட்டை) 84 சென்டிமீட்டர். தந்தி முழுதும் பேசினால் ஷட்ஜம் (ச), மூன்றில் இரண்டு பங்கு பேசினால் பஞ்சமம் (ப). அந்தப் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்து அதற்கொரு பஞ்சமம், இப்படியே பன்னிரண்டு தடவை. அதே ஸ்தாயிக்குள் இருக்க, தந்தி பாதிக்கும் கீழே குறுகும்போதெல்லாம் இரட்டித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது அடியில் புறப்பட்ட ஷட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும் அல்லவா? 84-இல் கிளம்பினேன், 82.87-இல் வந்து நின்றேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் காணோம். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதே விடை.

பண்டிதர் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். வட்டம் என்றால் மூட வேண்டும், மூடவில்லை என்றால் மூன்றில் இரண்டு என்ற அளவே தப்பு என்கிறார். ஸ்தாயியை 24 சமப் பங்காக வை, ஒவ்வொரு சுருதிக்கும் தந்தி ஒரே விகிதத்தில் குறையட்டும். அதாவது முந்தைய நீளத்தை 0.97153-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் இருபத்து நாலாவது அடியில் சரியாகப் பாதி. வட்டம் மூடிக்கொள்கிறது.

(வீணையில் 24 மெட்டு இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. நானே முதலில் குழம்பினேன்.)

ஜூன் 9

வட்டம் என்று அவர் சொல்வது சிலப்பதிகார வட்டம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு சுரங்களின் பெயரையும் வைக்கிறாள். அதைப் பன்னிரண்டு இராசி வட்டத்தில் பொருத்துவது வட்டப்பாலை.

ஆனால் சிலப்பதிகார உரையில் வரும் அலகுக் கணக்கு (அலகு என்றால் சுருதிதான்) ஏழு சுரங்களுக்கும் வரிசையாக 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவரும் 22 என்றுதான் சொல்கிறார். பண்டிதர் விடுவாரா? மூன்றாவதான கைக்கிளையிலும் ஆறாவதான விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடினார்கள், அவற்றைத் திரும்பக் கொடுத்தால் 4, 4, 4, 2, 4, 4, 2, ஆக 24 என்கிறார்.

கூட்டல் என்னவோ அழகாக வருகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. விடை தெரிந்துகொண்டு வழி எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சமவிகிதக் கணக்கை இளங்கோவடிகள் தலையில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. அது பண்டிதர் கணக்கு என்றே சொல்லியிருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஒன்று, ஏட்டோடு நிற்கவில்லை மனிதர். 1916-இல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய், தன் வீட்டுப் பெண்களை வீணையோடு உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார். புத்தகம் வந்தது அடுத்த வருடம், 1917-இல்.

ஜூன் 14

வீணையைப் பார்க்கப் போனேன், ஸ்கேலோடு. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்ந்த வாசனை தெருவிலேயே வந்தது. மெழுகு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, கட்டைவிரலால் மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி... என் ஸ்கேலைப் பார்த்ததும், “அதை உள்ள வையுங்க டீச்சர், அளந்து வச்சா வீணை பேசாது” என்றார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அளந்துவிட்டேன். பஞ்சமத்தில் சண்டையே இல்லை. மூன்றில் இரண்டு கணக்கில் மேருவிலிருந்து 28 சென்டிமீட்டர், பண்டிதர் கணக்கில் 27.94. மெட்டின் முதுகே அந்த வித்தியாசத்தைவிட அகலம். அந்தர காந்தாரம்தான் (இரண்டு ‘க’-வில் உயர்ந்தது) விஷயம். ஐந்தில் நாலு பங்கு தந்தி என்ற கணக்கில் 16.8, பண்டிதருக்கு 17.33. ஐந்து மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியும்.

ஆசாரி வைத்திருந்தது 17.1.

அழுத்தும்போது தந்தி இறுகிச் சுருதி கொஞ்சம் ஏறும், அதையும் சேர்த்தால் பண்டிதர் பக்கம் சாய்கிறது. ஆனால் கல்யாணியில் அந்தக் காந்தாரத்தை யார் மெட்டில் வைத்தபடி விடுகிறார்கள்? இழுத்து அசைக்கத்தானே செய்கிறோம்.

ஜூன் 15

1919-இல் பண்டிதர் போய்விட்டார். சாகரத்தின் இரண்டாம் புத்தகத்தை மகள் மரகதவல்லி 1946-இல்தான் வெளியிட முடிந்தது. அது என்னிடம் இல்லை.

ஜூன் 16

வீணை வீட்டுக்கு வந்துவிட்டது. மெழுகு இறுகட்டும், இரண்டு நாள் தொடாதீர்கள் என்று உத்தரவு. பணம் கொடுக்கும்போது பண்டிதர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆசாரி கேட்டது ஒன்றுதான்: “மெழுகு எவ்வளவு, குங்கிலியம் எவ்வளவுன்னு போட்டிருக்காரா?”

நான் படித்த வரைக்கும் இல்லை. இன்னும் எழுநூறு பக்கம் பாக்கி.