முதல் அழைப்பு நல்ல சேதிக்கு

முதல் பீரியடிலேயே மேஜையில் தலை சாய்த்துவிடும் ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். ஆரம்பத்தில் அவனை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்தேன், இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. அப்புறம் ஒருநாள் தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான், அம்மா இரவு வேலைக்குப் போவதால் கைக்குழந்தையான தங்கையை இவன்தான் விடிய விடியப் பார்த்துக்கொள்கிறான் என்று தெரிந்தது.

பசி, தூக்கம், பாதுகாப்பு ஆகிய அடிப்படைத் தேவைகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதியதை ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் படித்ததுண்டு. அதன் பொருள் அன்றுதான் உறைத்தது.

அவன் அம்மாவுக்கு போன் செய்தேன். எடுத்தவுடனே, "என்ன தப்பு செஞ்சான், டீச்சர்?" என்றார். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று பெற்றோரை நாம்தான் பழக்கியிருக்கிறோம். "தப்பெல்லாம் இல்லைம்மா, கணக்கை அவன் யோசிக்கிற விதம் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு அவரே பேசத் தொடங்கினார், வேலை நேரம், வீட்டு நிலைமை, எல்லாம்.

சரி, என்னால் அவர் வேலை நேரத்தை மாற்ற முடியாது. வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க அவனுக்கு நேரம் ஒதுக்கினேன், அவனுக்கு வேண்டிய நோட்டுப் புத்தகங்களை யாரும் பார்க்காதபோது அவன் பையில் வைத்தேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கும் என் முதல் அழைப்பு நல்ல சேதிக்குத்தான்.