ஈர்ப்பியல் கணக்கா? முதலில் மடங்கு பாருங்கள்

நீட்டுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, ஈர்ப்பியல் கணக்கைப் பார்த்ததும் 6.67 × 10⁻¹¹ என்று எழுதிப் பெருக்க உட்காராதீர்கள். தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. கேள்வியும் பெரும்பாலும் 'எத்தனை மடங்கு?' என்றுதான் வரும். நான் படித்த காலத்தில் எனக்குக் கைகொடுத்த பழக்கம், எது எத்தனை மடங்கு மாறியது என்பதை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதுவது. ஈர்ப்பு விசையின் சூத்திரத்தில் மேலே இரண்டு நிறைகளின் பெருக்கம், கீழே தொலைவின் வர்க்கம்; 6.67 × 10⁻¹¹ என்ற மாறிலி மாறாது. இரண்டு நிறையும் இரட்டிப்பானால் மேலே 4. தொலைவு பாதியானால் கீழே 1/4. விசை 16 மடங்கு. முடிந்தது.

தொலைவை எப்போதும் மையத்திலிருந்து எடுங்கள். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால், தரைக்கு 6400 கிலோமீட்டர் என்பது நிலையத்துக்கு 6800 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 16/17-ஐ வர்க்கப்படுத்தினால் 0.89. அங்கேயும் ஈர்ப்பு 89 சதவீதம் இருக்கிறது! வீரர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் நிலையமும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதுதான்.

கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்கு ஊரிலேயே இருக்கிறது. துறைமுகம் பக்கம் உப்பனாற்றங்கரைக்குப் போனால், படகுத்துறைத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கும் இடம்வரை ஈரம் ஏறியிருப்பதைப் பாருங்கள். நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தின் தடம் அது. அமாவாசை, பௌர்ணமியில் அந்தத் தடம் இன்னும் மேலே போகும். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சூரியனின் நிறை நிலாவைப்போல் சுமார் 2.7 கோடி மடங்கு, தொலைவு சுமார் 390 மடங்கு. 390-இன் வர்க்கம் ஏறக்குறைய 1,52,000. வகுத்தால், சூரியன் பூமியை நிலாவைவிடச் சுமார் 178 மடங்கு அதிகமாக இழுக்கிறது. பிறகு ஓதத்தில் நிலாவுக்கு ஏன் முதலிடம்? பூமியின் இந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் அந்தப் பக்கத்தை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஓதத்தை உண்டாக்குகிறது. அந்த வித்தியாசம் தொலைவின் மூன்றாம் படிக்கு ஏற்பக் குறையும். 178-ஐ இன்னொரு முறை 390-ஆல் வகுங்கள்: 0.46. சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் இரண்டு பங்கும் சேர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நிறை, தொலைவு இரண்டின் பலமும் கைவந்துவிடும்.

பூமிக்குள் இறங்கும் கேள்விக்கு மட்டும் வர்க்க விதி உதவாது. சீரான அடர்த்தி என்று கொண்டால், ஆரத்தில் பாதி ஆழத்தில் ஈர்ப்பு முடுக்கம் பாதி. அதே அளவு உயரத்திலோ 4/9. இந்த இரண்டையும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். கேள்வியில் இருப்பது ஆழமா, உயரமா என்று பார்த்து, அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.