பாறைக் கரைக்கு எந்தத் துடுப்பு?

ஸ்நோர்கெலிங்குக்கு (மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பில் மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பதற்கு), காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளில் நான் முதலில் வாங்கியது, வெறுங்காலை ஷூவில் நுழைப்பதுபோல நுழைத்துக்கொள்ளும் முழுப்பாதத் துடுப்புதான். மணற்கரையில் அது குறை வைக்கவில்லை. ஆனால் சிப்பிகள் ஒட்டிய பாறையில் வெறுங்காலோடு இறங்கிய முதல் நாளே என் குதிகால் கிழிந்தது. இப்போது தடித்த அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) காலணியை அணிந்து இடுப்பளவு நீர்வரை நடந்து சென்று, அலை தணிந்த இடைவெளியில், குதிகால் திறந்த துடுப்பை அதன்மேல் மாட்டிக்கொள்கிறேன். கொக்கி வைத்த ரப்பர் பட்டையைவிட ஸ்பிரிங் பட்டையே மேல். ஈரக்கையால் இழுத்தாலும் சட்டென்று ஏறிவிடும். காலணியோடு போட்டுப் பார்க்காமல் அளவைத் தீர்மானிக்கக் கூடாது (நான் அப்படித் தீர்மானித்து ஒரு ஜோடியை வீணாக்கியிருக்கிறேன்), ஏனெனில் அதன் தடிமனே ஒரு சுற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துடுப்பில் பாதத்துக்கு முன்னால் நீளும் தகடு நீண்டிருந்தால் ஆழத்தில் மூழ்குபவர்களுக்கு உதவலாம். கற்களிடையே திரும்பி வெளியேற எனக்குக் குட்டையான தகடே போதும்.