சரயேவோவில் டாக்சி வேண்டாம், டிராம் போதும்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ. விமான நிலைய வாசலில் நின்ற டாக்சிக்காரர் மீட்டர் ரிப்பேர் என்றார். ஊருக்குள் பழைய கடைவீதி வரை விட்டதற்குக் கேட்டது 60 மார்க். ஒரு மார்க் நம் பணத்தில் ஏறக்குறைய 50 ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாதிகூட ஆகாதே என்று விடுதிப் பெண் தலையில் கை வைத்தார். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. மீட்டர் ஓடாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

அப்புறம் எங்கே போனாலும் டிராம்தான். 3-ஆம் எண் டிராமில் இலிஜா வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் பூத்மிர், போர்க்காலத்தில் தோண்டிய சுரங்கப்பாதை இருக்கும் இடம். போஸ்னியப் போரில் 1992 ஏப்ரலில் தொடங்கிய இந்த ஊரின் முற்றுகை 1425 நாள் நீடித்தது. சுற்றியிருக்கும் மலைகளில் எல்லாம் போஸ்னிய செர்பியர்களின் படையுடைய பீரங்கிகள், யூகோஸ்லாவிய ராணுவம் விட்டுப்போன ஆயுதங்கள் அவர்கள் கையில். 1991-லேயே ஐ.நா. கொண்டுவந்த ஆயுதத் தடையோ இரு தரப்புக்கும் பொது. ஏற்கெனவே ஆயுதம் வைத்திருந்தவனை அது என்ன செய்யும்? வெறுங்கையோடு நின்ற போஸ்னியர்களைத்தான் அது கட்டிப்போட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஊருக்கும் முற்றுகைக்கு வெளியே இருந்த பகுதிக்கும் நடுவில் விமான நிலையம். அது ஐ.நா. வசம், ஓடுபாதையைக் குறுக்கே கடக்க முயன்றவர்கள் இருட்டில் சுடப்பட்டார்கள். அதனால் அதற்கு அடியிலேயே தோண்டினார்கள், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து, ஷிப்ட் போட்டு இரவு பகலாக. சுமார் 800 மீட்டர் நீளம், 1993 ஜூலை கடைசியில் இரு பக்கமும் சந்தித்தது. இப்போது ஒரு சிறு துண்டுதான் திறந்திருக்கிறது. உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே அதிகம், நான் முழுக்கக் குனிந்தே நடந்தேன். காலடியில் தள்ளுவண்டிக்கான தண்டவாளம். மாவும் துப்பாக்கியும் காயம்பட்டவர்களும் போய்வந்த வழி. கட்டணம் கொஞ்சம் உறைக்கும், ஆனாலும் கொடுக்கலாம்.

ஆனால் போர்ச் சுற்றுலா என்று கூவி விற்கிறார்களே, அதில் போகாதீர்கள். நான் போன வேனில் குண்டுத் துளை, குண்டுத் துளை, மறுபடியும் குண்டுத் துளை. இந்த ஊர் அந்த நாட்களில் நாடகம் போட்டது பற்றி ஒரு வார்த்தை இல்லை! முற்றுகை தொடங்கிய அடுத்த மாதமே, 1992 மே-யில், போர்க்கால நாடக அரங்கு ஒன்றைத் தொடங்கினார்கள், சார்ட்டர் என்று பெயர், இன்றும் நடக்கிறது. ஒஸ்லோபோஜேன்யே நாளிதழ் இடிந்த கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து வெளிவந்துகொண்டே இருந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனால் பேப்பர் வரும்.

வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சிகரெட் பாக்கெட்டுகள். புகையிலை ஆலை போரிலும் ஓடியது, உறைக்குத் தாள் தீர்ந்துபோனதும் கிடைத்த தாளில், புத்தகப் பக்கங்களில்கூடச் சுற்றியிருக்கிறார்கள். அச்செழுத்து அப்படியே தெரிகிறது. பக்கத்திலேயே தகரத்தைத் தட்டிச் செய்த அடுப்புகள். வேனை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

வியெச்னிட்சா நூலகம் 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்தது, லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பல். கூரையில்லாத அந்த இடிபாட்டில்தான் நம் மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சூபின் மேத்தா 1994 ஜூனில் சரயேவோ இசைக்குழுவை வைத்து மொசார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 2014-இல் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். வண்ணக் கண்ணாடிக் கூரை, தூண்கள், எல்லாம் பளபள. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சாப்பாடு சொல்லவில்லையே! பாஷ்சர்ஷியா என்ற அந்தப் பழைய கடைவீதியில் செவாப்பி. கரியில் சுட்ட விரல் நீள மாட்டிறைச்சித் துண்டுகள், சூடான சோமுன் ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து, பக்கத்தில் நறுக்கிய பச்சை வெங்காயம். கய்மாக் என்ற பாலாடை தனிக்காசு, தயங்காமல் வாங்குங்கள். டாக்சி வயிற்றெரிச்சலை அதுதான் அணைத்தது.

எப்போது போகலாம்? 1995-இல் முற்றுகை நடக்கும்போதே தொடங்கிய திரைப்பட விழா இப்போது ஆகஸ்டில் நடக்கிறது, தென்கிழக்கு ஐரோப்பாவிலேயே பெரிய விழாக்களில் ஒன்று. அந்த வாரம் அறை வாடகை எகிறும். இருந்தாலும் அப்போதே போங்கள், அறையை மட்டும் மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.