டிவி பின் நம்பர் மறந்துவிட்டதா? ஃபேக்டரி ரீசெட்டுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

டிவியின் பாஸ்வேர்டு தெரியவில்லை என்று தேட ஆரம்பித்தால் பாதிப் பேர் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். பல டிவிகளில் மற்ற எதையும் தொடாமல் பின் நம்பரை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது, அதுவும் ரிமோட்டிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அண்ணன் புது டிவி வாங்கியதும் பழைய சாம்சங் ஸ்மார்ட் டிவியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். படம், சத்தம் எல்லாம் அருமை. ஆனால் அம்மாவுக்கு வேண்டியது யூடியூப், அதன் மேல் பூட்டுச் சின்னம். அழுத்தினால் நான்கு இலக்க பின் நம்பர் கேட்கிறது. அண்ணனுக்கு போன் செய்தால், "பசங்க சின்னதா இருந்தப்போ உங்க அண்ணி போட்டு வச்சது, எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்றார். அண்ணிக்கும் நினைவில்லை. பிறந்த நாள், வண்டி நம்பர், பழைய போன் நம்பரின் கடைசி இலக்கங்கள் என்று அவருக்குத் தோன்றியதை எல்லாம் சொன்னார், ஒன்றும் திறக்கவில்லை. நான்கு இலக்கம்தானே என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கவும் முடியாது, 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறார்கள். ஒரு டிவியில் இருப்பது ஒரே பூட்டு இல்லை. டிவிக்கென்று ஒரு பின் நம்பர் உண்டு, சேனலையும் ஆப்பையும் பூட்டுவது அதுதான். செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி ஆப்புக்குள் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் போடுகிற பூட்டு வேறு. இவை போக கூகுள் கணக்கு, டிவி கம்பெனியின் கணக்கு என்று பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. பின் நம்பர் கேட்கும் திரை எப்போது வருகிறது என்று நிதானமாகக் கவனித்தால் எந்தப் பூட்டு என்று தெரிந்துவிடும். ஆப்பைத் திறக்கும் முன்பே கேட்டால் அது டிவியின் பூட்டு. ஆப் திறந்து, உள்ளே ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்த பிறகு கேட்டால் அது அந்த ஓடிடி கணக்கின் பூட்டு, டிவியை என்ன செய்தாலும் அது போகாது. அந்தக் கணக்கின் சொந்தக்காரர் போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரில் உள்ளே போய், கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து ப்ரொஃபைல் பூட்டை மாற்றினால்தான் உண்டு.

எங்களுடையது டிவியின் பூட்டு. சாம்சங்கில் பின் நம்பரை யாரும் மாற்றாவிட்டால் பெரும்பாலும் 0000 தான் இருக்கும், ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது எடுக்கவில்லை. செட்டிங்ஸில் ரீசெட் என்று ஒன்று இருக்கிறதே என்று அங்கே போனால், அதுவும் பின் நம்பர் கேட்கிறது! கேட்பது நியாயம்தான், இல்லாவிட்டால் பூட்டைத் திறக்க விரும்பும் பிள்ளை நேராக ரீசெட் போட்டுவிட்டுப் போய்விடும். சரி, வேறு வழி என்ன என்று டிவியோடு வரும் இ-மேனுவலைப் பிரித்துப் படித்தேன். பின் நம்பர் மறந்தால் என்ன செய்வது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

டிவியை ரிமோட்டால் அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கக் கூடாது, ஸ்டாண்ட்பையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையில் ரிமோட்டில் ம்யூட், 8, 2, 4, பவர், இதே வரிசையில் அழுத்த வேண்டும். அணைந்த டிவியைப் பார்த்து ம்யூட்டை அழுத்தும்போது திரையில் எதுவும் வராது, 8, 2, 4 அழுத்தும்போதும் வராது. வேலை செய்கிறதா என்று சந்தேகம் வரும், நின்றுவிடாதீர்கள். யோசித்து யோசித்து அழுத்துவதைவிட, வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மடமடவென்று அழுத்துவது நல்லது. பவர் அழுத்தியதும் டிவி வழக்கம்போல ஆன் ஆனது. யூடியூப்பில் போய் 0000 போட்டேன், திறந்துவிட்டது. வைஃபை, ஆப்கள், படத்தின் அமைப்பு எதுவும் கலையவில்லை. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அன்றைக்கே பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எண் பட்டன்களே இல்லாத சின்ன ஸ்மார்ட் ரிமோட் உங்களிடம் இருந்தால் மேலே சொன்னது முடியாது. அதற்கு டிவி ஆனில் இருக்கும்போதே ம்யூட், வால்யூம் கூட்டு, ரிட்டர்ன், வால்யூம் குறை, ரிட்டர்ன், வால்யூம் கூட்டு, ரிட்டர்ன் என்று ஒரு வரிசை உண்டு. அதற்குப் பிறகும் பின் நம்பர் 0000 ஆகிவிடும்.

எல்ஜி வெப்ஓஎஸ் டிவி என்றால் முறை வேறு. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் பாஸ்வேர்டை மாற்றும் வரி இருக்கும். அந்த வரிக்கு வந்து நின்று, ஓகே அழுத்தாமல், சேனல் மேல், மேல், கீழ், மேல் என்று அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும், அதில் 0313 கொடுக்க வேண்டும். சோனியில் பின் நம்பர் தெரியாமல் மாட்டிக்கொண்டால் 9999 போட்டுப் பாருங்கள். அதுவும் எடுக்காத ஆண்ட்ராய்டு வகை சோனியில் கடைசி வழி, பிளக்கைக் கழற்றிவிட்டு, டிவியின் உடம்பிலேயே இருக்கும் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தபடி பிளக்கை மறுபடி செருகுவது. விளக்கு பச்சையாகவோ வெள்ளையாகவோ மாறும் வரை விடக் கூடாது. ஆனால் இது முழு ரீசெட், எல்லாம் அழிந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டு, கூகுள் கணக்கு, ஒவ்வொரு ஓடிடியின் லாகின் எல்லாம் கையில் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். லாகின் செய்யும்போது திரையில் கியூஆர் கோடு காட்டினால் போனில் ஸ்கேன் செய்து முடித்துவிடலாம், ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கும் பாடு மிச்சம்.

இந்த வரிசைகள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைப்பவை என்பதால் ஒரு கவலையும் எனக்கு உண்டு. டிவியின் பின் நம்பர் சின்னப் பிள்ளைகளைத்தான் தடுக்கும், விவரம் தெரிந்த பிள்ளையைத் தடுக்காது. வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓடிடி கணக்கின் ப்ரொஃபைல் பூட்டையே நம்புவது மேல், அதைத் திறக்கக் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும்.

இன்னொன்றும் மனதார வேண்டிக் கேட்கிறேன். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி, முதலில் வந்ததற்கு அழைக்காதீர்கள். போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன. டிவி பூட்டைத் திறக்க யாருக்கும் உங்கள் ஓடிபியோ கார்டு விவரமோ தேவையில்லை, போனில் ஏதோ ஆப் இறக்கித் திரையைக் காட்டச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். கம்பெனியின் இணையதளத்திலோ மேனுவலின் பின்பக்கத்திலோ இருக்கும் நம்பர் மட்டும் போதும். அழைக்கும் முன் டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் அதில்தான் இருக்கும், கட்டாயம் கேட்பார்கள்.

திறந்த கையோடு 0000-ஐ மாற்றிவிட்டேன், செட்டிங்ஸில் பின் நம்பரை மாற்றும் இடத்திலேயே முடிந்துவிடும். புதுசை அம்மாவின் போன் நம்பர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அப்புறம் பார்த்தால் டிவியில் அண்ணனின் கணக்குகள் எல்லாம் இன்னும் லாகின் ஆகியே இருந்தன. நாங்கள் ஒவ்வொன்றாக வெளியேறினோம், அவரும் தன் போனில் கணக்குக்குள் போய், சாதனப் பட்டியலில் இருந்து இந்த டிவியை நீக்கிவிட்டார்.